மேலக்காவின் வலது கால் பெருவிரல்

“கவுட் என்னும் யூரிக் அமில மூட்டு நோய் பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்த ஆண்களைத் தாக்குகிறது. பருத்த உடல், அளவுக்கு மீறிய இறைச்சி, மதுப்பழக்கம், உடலுழைப்பு இல்லாமை ஆகியவை இந்நோய்க்கு வழிவகுக்கும்.”

சுகாதாரத் துறை ஒட்டியிருந்த அந்தச் சுவரொட்டியில், வாசிக்கச் சோம்பல்படுபவர்களுக்காக ஒரு படமும் இருந்தது. சாய்வு நாற்காலியில் தொந்தியும் தானுமாக ஒரு மனிதர். ஒரு கையில் கோப்பை, மறு கையில் கோழிக்கால். சிவந்து வீங்கிய பாதம் முக்காலியின் மேல் தலையணை வைத்து ராஜமரியாதையோடு கிடத்தப்பட்டிருந்தது.

படத்துக்கு நேர் எதிரே, மருத்துவமனை பெஞ்சில், வலது காலில் மட்டும் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவர் ஒரு பெண். வயது ஐம்பத்து நான்கு. சாதாரண ஒல்லி இல்லை. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டால் கோட்டு மட்டும் தனியாக நடந்து வருவதுபோல இருக்கும். மதுவின் வாசனையே ஆகாது. இறைச்சியை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. உடலுழைப்பு என்று பார்த்தால், தினமும் காலையில் ஒரு கோபுரக் கிரேனின் இரும்பு ஏணியில் இருபது மாடி உயரம் ஏறுவார். உச்சியில் ஒரு கண்ணாடிக் கேபின். அதில் உட்கார்ந்து கிரேனை ஓட்டுவது அவர் தொழில். எப்போதும் மேலேயே இருப்பவர் என்பதால் கட்டுமான இடத்தில் அவருக்கு மேலக்கா என்று பெயர்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய வீட்டுக்காரர். ஒரு விடுதியின் சமையற்கூடத்தில் தலைமைச் சமையல்காரர். சுவரொட்டியில் இருந்தவருக்கும் இவருக்கும் ஒரே வித்தியாசம் கோழிக்கால்தான். அதுவும் பொட்டலமாக மடியில் இருந்தது.

“என்னை உக்கார வச்சு வரைஞ்ச மாதிரி இருக்கு,” என்றார் அவர் படத்தைப் பார்த்து.

“ஆமா. வியாதி மட்டும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிடுச்சு.”

“நான் வேணா வாங்கிக்கிறேன், குடு.”

“வாங்கிக்குங்க. அப்படியே ஏணியும் ஏறுங்க.”

வீட்டுக்காரர் தன் தொந்தியைத் தடவிக்கொண்டார். நாலு படி ஏறினால் ரயில் வண்டி மாதிரி மூச்சு விடுகிற உடம்பு அது.

முதல் தடவை வலி வந்தபோது ஒரு மருத்துவர் அதைச் சுளுக்கு என்றார். இரண்டாம் தடவை இன்னொருவர் நகத்தில் சீழ் என்றார். இருவரும் படித்தவர்கள், இருவர் கண்முன்னாலும் அந்தத் தொந்திக்காரர் படம் இருந்திருக்கும், ஒல்லியான ஒரு பெண் அந்தப் படத்துக்குள் நுழைய வழியே இல்லை. மூன்றாம் தடவை, இந்த மருத்துவமனையில், ஒரு இளம் டாக்டர் ஊசியால் மூட்டிலிருந்து ஒரு சொட்டு நீரை உறிஞ்சி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். யூரிக் அமிலம் ஊசி ஊசியாக உறைந்து மூட்டுக்குள் கிடக்கிறதாம்.

“அது ஆம்பளைங்க வியாதி இல்லையா டாக்டரம்மா?”

“அந்தப் படத்தைக் கிழிச்சுப் போடணும்னு எனக்கே ஆசை,” என்றார் டாக்டர். “மாதவிடாய் நின்ன பிறகு பெண்களுக்கும் வருது. குடும்பத்துல இருந்தா வருது. சிறுநீரகம் மந்தமானா வருது. ரத்தக் கொதிப்பு இருந்தா வருது. சக்கரை போட்ட பாட்டில் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சும் வருது. உலகம் பூரா எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுதுங்க. பணக்காரன் வியாதின்னு பேர் வாங்கின வியாதி இப்போ எல்லா வீட்டுக்கும் வருது. சரி, சொல்லுங்க. என்ன வேலை பாக்குறீங்க?”

“உக்காந்த வேலை,” என்றார் மேலக்கா. இதில் பொய் ஒன்றும் இல்லை. உட்காரும் நாற்காலி எங்கே இருக்கிறது என்று டாக்டர் கேட்கவில்லை.

“தண்ணி நல்லா குடிப்பீங்களா?”

“குடிப்பேனே.” இது பொய்.

“வேற மாத்திரை ஏதாவது எடுக்குறீங்களா?”

“இல்ல.” இது பெரிய பொய். வீட்டுக்காரர் கூரையில் ஓடிய மின்விசிறியை ரசிக்கத் தொடங்கினார்.

பொய்களுக்குக் காரணம் இருந்தது. கிரேன் ஆபரேட்டருக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்தால் கீழே இறக்கிவிடுவார்கள். கால் சரியில்லை என்று தெரிந்தாலும் அப்படியே. ஐம்பத்து நான்கு வயதில் ஒருமுறை கீழே இறங்கிய பெண்ணை மறுபடி ஏற்றுவதற்கு எந்தக் கம்பெனியும் தலைகீழாக நிற்கப் போவதில்லை. கீழே அவர் ஒருவருக்கு மனைவி, இன்னொருவருக்கு நாத்தனார், கடைக்காரருக்குச் சில்லறை கேட்டு நச்சரிக்கும் வாடிக்கையாளர். மேலே, அந்தக் கண்ணாடிப் பெட்டியில், அவர் கை அசைந்தால்தான் ஒரு கட்டடம் வளரும். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆகவே ரத்தக் கொதிப்புக்கு எப்போதோ ஒருவர் எழுதித் தந்த நீர்மாத்திரையை, சத்தமில்லாமல் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக இறைத்துக் கொட்டிக் கொதிப்பைக் குறைக்கிற மாத்திரை. அது யூரிக் அமிலத்தை மட்டும் உள்ளேயே தங்க வைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் டாக்டர் சொல்லியிருப்பார். டாக்டருக்கும் தெரியாது, இவர் போடுகிறார் என்பது.

தண்ணீர் விஷயம் இன்னும் நேரானது. கிரேனின் மேல் கழிப்பறை கிடையாது. ஏறினால் மாலைவரை ஏறினதுதான். நடுவில் இறங்கி ஏறினால் அரை நாள் வேலை போகும், கீழே அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆண் ஆபரேட்டர்கள் காலிப் பாட்டிலை வைத்துச் சமாளித்தார்கள். மேலக்காவுக்கு அந்த வசதியைக் கடவுள் தரவில்லை. எனவே தண்ணீரை நிறுத்திவிட்டார். ஏறுவதற்கு முன் ஒரு டின் இனிப்புச் சோடா, இறங்கியதும் ரெண்டு டின். நாலு மடக்கில் தெம்பு வந்துவிடும், வயிற்றிலும் கனக்காது என்பது அவர் சொந்த ஆராய்ச்சி.

இதில் வேடிக்கை, அந்தக் கட்டடம் ஒரு பெரிய ஹோட்டல். அதற்கான குளியலறைகளை வேறெங்கோ தொழிற்சாலையில் முழுசாகச் செய்து, ஓடு பதித்து, கண்ணாடி மாட்டி, பீங்கான் கழிப்பறையோடு பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி மாடிகளில் வைப்பதுதான் சில மாதங்களாக மேலக்காவின் வேலை. நாள் முழுவதும் கழிப்பறைகளைத் தூக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்குப் போக ஒரு கழிப்பறை இல்லை.

ஆனால் விதி என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஆபரேட்டரும் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டு போக வேண்டும். பாதுகாப்பு அதிகாரி ஏணியடியில் நின்று சோதிப்பார். கழுத்தில் எந்நேரமும் ஊதல் தொங்குவதால் அவருக்கு விசில் என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலக்கா பாட்டிலைத் தூக்கிக் காட்டுவார், விசில் தலையாட்டுவார். நிறைந்த பாட்டில் மேலே போகும், நிறைந்த பாட்டில் கீழே வரும். ஒரே தண்ணீர் வாரக்கணக்கில் ஏறி இறங்கி உலகம் பார்த்தது.

*

மருத்துவமனைக்குப் போய்வந்து சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் ஏணியில் கால் வைத்தபோதே பெருவிரல் லேசாகக் குறுகுறுத்தது. மேலக்காவுக்கு அந்தக் குறுகுறுப்பு தெரியும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே வருகிற விருந்தாளி யார் என்று தெரிகிற மாதிரி. வலி மாத்திரையைத் தேடிப் பையைத் துழாவினார். தீர்ந்துபோன அட்டைதான் இருந்தது.

“என்ன மேலக்கா, ஏணி புதுசா இருக்கா? நின்னு பாக்குறீங்க?” என்றார் கீழே நின்ற சிக்னல்காரர். தரையிலிருந்து வாக்கிடாக்கியில் வழி சொல்லிச் சுமையை அனுப்புபவர். மேலக்காவின் வயதுதான் இருக்கும். ஆனாலும் மேலக்கா என்று ஒருவர் இருந்தால் கீழத்தம்பி என்று ஒருவர் இருக்கத்தானே வேண்டும்.

“துருப்பிடிச்சிருக்கான்னு பாத்தேன்.”

“ஏணியா, நீங்களா?”

“வாயை வாடகைக்கு விடு தம்பி, நல்லா பிழைப்ப.”

ஏறினார். பாதி வழியில் உள்ள ஓய்வுத் தட்டில் வழக்கமாக நிற்க மாட்டார். அன்று நின்றார். கேபினுக்குள் உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காற்றே இல்லை. கண்ணாடிக்கு வெளியே காற்றின் வேகம் காட்டும் சின்ன விசிறி செத்ததுபோல நின்றது.

அந்தக் கிரேன் கொஞ்சம் பழைய பிறவி. வலது காலடியில் ஒரு மிதி இருக்கும். அதை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கைப்பிடிகள் சொன்ன பேச்சைக் கேட்கும். காலை எடுத்தால் ஏற்றுவது, இறக்குவது, சுற்றுவது எல்லாம் போட்டது போட்டபடி நின்றுவிடும். ஓட்டுபவர் மயங்கி விழுந்தாலும் சுமை தன்பாட்டுக்கு ஓடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. சில ஆபரேட்டர்கள் கால் வலிக்கிறது என்று மிதிமேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு ஹாயாக உட்கார்ந்துகொள்வார்கள். மேலக்கா அவர்களைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிட மாட்டார். ‘செங்கல் கட்சி’ என்பார். அந்தக் கட்சி ஆள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மதியத்துக்குள் விரல் தன் வேலையைக் காட்டியது. முதலில் பூட்ஸுக்குள் யாரோ தணலை வைத்ததுபோல. பிறகு அந்தத் தணலை ஊதி ஊதிப் பெரிதாக்குவதுபோல. பூட்ஸைக் கழற்றினார். காலுறையைக் கழற்றும்போது பல்லைக் கடித்தார். விரல் தக்காளிபோல் பளபளவென்று இருந்தது. வெறும் பாதத்தின் உட்பக்கத்தால் மிதியை அழுத்தினார். குதிகாலால் அழுத்திப் பார்த்தார். எப்படி அழுத்தினாலும் வலி நேராக விரலுக்கே போய்ச் சேர்ந்தது.

“மேலக்கா, அடுத்த பெட்டி மாட்டியாச்சு. பதினெட்டாவது மாடி. அங்க மேஸ்திரியும் மூணு பேரும் நிக்கிறாங்க. தூக்கலாம்.”

“தூக்குறேன்.”

குளியலறைப் பெட்டி தரையை விட்டு எழுந்தது. லாரி எடை. மூன்றாவது மாடி, நான்காவது மாடி. திடீரென்று விரலில் ஒரு வெட்டு வெட்டியது. கால் தானாக மேலே வந்துவிட்டது. கிரேன் மொத்தமும் சடாரென்று நின்றது. கீழே கம்பிக் கயிற்றில் பெட்டி முன்னும் பின்னும் ஆடியது.

“என்னக்கா, கழிவறை டான்ஸ் ஆடுது?”

“காத்து.”

“காத்தா? இங்க என் பீடிப் புகை நேரா மேல போகுது.”

“மேல காத்து வேற. கீழ காத்து வேற.”

“சரி, நீங்க சொன்னா சரி.” அந்தக் குரலில் சரி என்பதற்கான அறிகுறி ஒன்றுமில்லை.

ஆட்டம் அடங்கியதும் மறுபடி அழுத்தினார். ஏழாவது மாடி. மறுபடி கால் எழும்பியது. மறுபடி சடார். பத்தாவதில் மறுபடி. ஒவ்வொரு தடவையும் பெட்டி அதிகமாக ஆடியது. உள்ளே ஏதோ உடைந்த சத்தம்கூடக் கேட்டதுபோல இருந்தது. அந்த உயரத்துக்குக் கேட்க வாய்ப்பில்லை, ஆனாலும் கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இப்படியே போனால் விசில் அண்ணாந்து பார்ப்பார். பார்த்தால் கேட்பார். கேட்டால் ஏணி ஏறி ஒருவர் வருவார். வந்தால் இந்த விரலைப் பார்ப்பார். அத்தோடு எல்லாம் முடிந்தது.

மூலையில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. வழக்கம்போல நிறைந்து, கனமாக, யாருக்கும் உபயோகமில்லாமல்.

மேலக்கா அதை எடுத்தார். மிதிமேல் சாய்த்து வைத்து, நாற்காலிக் காலுக்கும் அதற்கும் நடுவில் பூட்ஸைச் செருகினார். மிதி அமுங்கியது. அமுங்கியே நின்றது. வலது காலைத் தரையில் நீட்டினார். அந்த நிம்மதியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருடம் செங்கல் கட்சியைத் திட்டியவர், கட்சி மாற எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று யாரும் பார்க்கவில்லை. அது ஒரு வசதி.

பெட்டி இப்போது வெண்ணெயில் கத்தி போனதுபோல மேலே போனது.

“ஆஹா! காத்து நின்னுடுச்சு போல,” என்றார் கீழத்தம்பி.

“நின்னுடுச்சு.”

பதினெட்டாவது மாடி உயரத்துக்கு வந்ததும், கிரேனின் நீண்ட இரும்புக் கையான பூமைச் சுற்றிப் பெட்டியைக் கட்டடத்துக்கு மேலே கொண்டுபோனார். அங்கே மேஸ்திரி இரண்டு கைகளையும் தூக்கிச் சைகை காட்டினார். நான்கு பேரும் பெட்டியின் நாலு மூலையில் தொங்கிய கயிறுகளைப் பிடித்தார்கள். பெட்டியை அதன் இடத்துக்கு நேராகத் திருப்பினார்கள். இனி இறக்க வேண்டியது மட்டும்தான்.

மேலக்கா இடது கைப்பிடியை இறக்கும் பக்கமாகத் தள்ளினார். இந்தக் கிரேனில் கைப்பிடியும் பழையது. தள்ளிய இடத்திலேயே நிற்கும், தானாகத் திரும்பாது.

பெட்டி மெதுவாக இறங்கியது. பார்வையின் ஓரங்களில் கறுப்பாக ஏதோ வந்தது. மேலக்கா அதைக் கண்ணாடி அழுக்கு என்று நினைத்தார். அழுக்கு நடுப்பக்கமாக நகர்ந்தது. காதுக்குள் பஞ்சு அடைத்தமாதிரி ஆனது. காலையிலிருந்து ஒரு டின் சோடா, நேற்று இரவு நீர்மாத்திரை, கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில். உடம்பு தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ள அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. தலை முன்னால் சரிந்தது.

“நிறுத்து! நிறுத்து! மேலக்கா, நிறுத்து!”

வாக்கிடாக்கியில் மேஸ்திரியின் குரல். பெட்டியின் அடியில் கட்டை ஒன்று கோணலாகக் கிடந்திருக்கிறது. அதைச் சரிசெய்யக் குனிந்து கையை உள்ளே விட்டிருந்தார். பெட்டி இறங்கிக்கொண்டே இருந்தது.

மேலக்கா கண்ணைத் திறந்தார். நிறுத்து என்ற சொல் காதில் விழுந்தால் காலைத் தூக்குவது அவர் உடம்பில் ஊறிப்போன பழக்கம். காலைத் தூக்கினார். கால் ஏற்கெனவே தரையில்தான் இருந்தது. பெட்டி நிற்கவில்லை. அந்த ஒரு கணம் அவருக்கு எதுவும் புரியவில்லை. இருபது வருடமாக ஒருநாளும் ஏமாற்றாத ஒன்று ஏமாற்றியது.

“கை! என் கை!”

கைப்பிடியை இழுக்க வேண்டும் என்று மூளை சொல்வதற்குள் கால் உதைத்துவிட்டது. வலது கால். அந்த விரலோடு. பாட்டில் கேபின் சுவரில் மோதி உருண்டது. மிதி டக்கென்று மேலே எழும்பியது. கிரேன் நின்றது.

மேலக்கா போட்ட கூச்சல் வாக்கிடாக்கி இல்லாமலே கீழே கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

மேலக்கா கண்ணாடியோடு முகத்தை ஒட்டி அந்த மாடியையே பார்த்தார். பெட்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது. அதிலிருந்து மேஸ்திரியின் கை மெல்ல வெளியே வந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாருடைய கை என்பதுபோல. பிறகு மல்லாந்து தரையில் படுத்துக்கொண்டார்.

“மேஸ்திரி?” என்றார் மேலக்கா.

“இருக்கேன்,” என்றது வாக்கிடாக்கி. “கையும் இருக்கு.”

உடனே கீழத்தம்பியின் குரல் தாழ்ந்து வந்தது. “அக்கா, கேளுங்க. காத்துல ஆடிடுச்சுன்னு சொல்லிடலாம். நானும் பாத்தேன்னு சொல்றேன். விசில் ஆபீஸ்ல இருக்காரு, இன்னும் வெளிய வரல.”

எளிதாக இருந்தது. ஒரே ஒரு சொல். காலையிலிருந்து அந்தச் சொல்லைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே மேஸ்திரி இன்னும் மல்லாந்தே கிடந்தார். ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு.

மேலக்கா எல்லோருக்கும் கேட்கும் அலைவரிசையின் பொத்தானை அழுத்தினார்.

“எல்லாரும் கேளுங்க. காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு வலது கால் பெருவிரல்ல கவுட். மிதி மிதிக்க முடியல. மிதிமேல தண்ணிப் பாட்டிலை வச்சேன். மயக்கம் வந்துடுச்சு. அதான் நிக்கல. மேஸ்திரி, நாலு பேரும் தள்ளிப் போங்க. பெட்டியைத் தூக்கித் தரையில இறக்கப் போறேன். கீழ ஒரு ஆள் நிக்கக் கூடாது.”

அலைவரிசையில் யாரோ ஒருவர் கேட்டார்: “கவுட்டா? அது பணக்காரன் வியாதியாச்சே?”

“சம்பளத்தை ஏத்தச் சொல்லு, பொருத்தமா இருக்கும்,” என்றார் மேலக்கா.

நாற்காலியில் பக்கவாட்டாகத் திரும்பி, இடது காலை நீட்டி மிதியில் வைத்தார். இடுப்பு ஒரு பக்கம், கைகள் ஒரு பக்கம், கழுத்து இன்னொரு பக்கம். அந்தக் காலுக்கு மிதியின் பழக்கமில்லை. குழந்தைக்கு நடை பழக்குவதுபோல அதற்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பெட்டியை எழுப்பினார். கட்டடத்தை விட்டு வெளியே திருப்பினார். கண் ஓரத்தில் மறுபடி கறுப்பு எட்டிப் பார்த்தது. நிறுத்தினார். உருண்டு கிடந்த பாட்டிலைக் குனிந்து எடுத்து, மூடியைத் திறந்து குடித்தார். வெதுவெதுவென்று, பிளாஸ்டிக் வாசனையோடு, வாரம் கடந்த தண்ணீர். பாதிவரை குடித்தார். மூச்சு வாங்கி மீதியையும் குடித்தார்.

“தம்பி, சொல்லு.”

“மெதுவா வாங்க அக்கா. பன்னெண்டாவது மாடி. வாங்க. சுத்தி யாரும் இல்ல. எட்டு. இடது பக்கம் சுவர்கிட்ட வருது, கொஞ்சம் வெளிய. அப்படித்தான். அஞ்சு.” கேலி எல்லாம் எங்கோ போயிருந்தது. “ரெண்டு. இன்னும் கொஞ்சம். இன்னும். வச்சாச்சு அக்கா. கயிறு தளர்ந்துடுச்சு.”

மேலக்கா கையை எடுத்தார். கைப்பிடியில் அவர் விரல்களின் வியர்வை அச்சு இருந்தது.

*

இறங்கியது தனிக் கதை. கீழத்தம்பி ஏறி வந்து, இடுப்பில் பாதுகாப்புக் கயிறு மாட்டி, ஒவ்வொரு படியிலும் இடது காலை எங்கே வைப்பது என்று கீழிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். குடித்த தண்ணீர் பாதி வழியில் தன் உரிமையைக் கேட்கத் தொடங்கியது. அப்போதுதான் இருவரும் வேகமாக இறங்கினார்கள்.

ஏணியடியில் விசில் நின்றார். வாயில் ஊதல் இல்லை. “மூணு தப்பு,” என்றார். “வியாதியை மறைச்சது, மிதிமேல பாட்டிலை வச்சது...”

“மூணாவதைத் திரும்பி வந்து கேட்டுக்கிறேன் சார்,” என்று சொல்லி மேலக்கா கழிப்பறைப் பக்கம் நொண்டி ஓடினார்.

அன்றே அவரைக் கேபின் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேலக்கா வாதாடவில்லை. அடுத்த நாள் டாக்டரிடம் போய் நாற்காலி எங்கே இருக்கிறது, தண்ணீர் ஏன் குடிப்பதில்லை, எந்த மாத்திரை போடுகிறார் என்று எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் தலையில் கை வைத்தார். நீர்மாத்திரையை நிறுத்திக் கொதிப்புக்கு வேறொன்று எழுதினார். அமிலத்தைக் குறைக்கத் தினமும் ஒரு மாத்திரை, வலி இல்லாத நாளிலும் விடக்கூடாது என்றார். சோடா கூடவே கூடாது. வீட்டுக்காரரின் ரத்தத்தையும் சந்தேகத்தின் பேரில் எடுத்துப் பார்த்தார்கள். அமில அளவு குழந்தைக்கு இருப்பதுபோல இருந்தது. அவர் அதை ஒரு பரிசு வாங்கியவரின் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

தரையில் கீழத்தம்பிக்கு உதவியாக நின்ற அந்த மாதங்களில் மேலக்காவிடம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒரு கம்பி கட்டுபவர், பிறகு லாரி ஓட்டுநர், பிறகு கட்டை மீசைப் பொறியாளர். எல்லோரும் முதலில் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு பூட்ஸைக் கழற்றுவார்கள். ஒருவர் ஒல்லி, ஒருவர் பருமன், ஒருவர் குடிப்பார், ஒருவர் குடிக்க மாட்டார். எல்லோருடைய விரலும் தக்காளி. எல்லோரும் அதைச் சுளுக்கு என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். கடைசியாக ஒரு மாலையில் விசில் வந்தார். ஒன்றும் பேசாமல் எதிரே உட்கார்ந்து இடது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார்.

“சார், நீங்களுமா?”

“மெதுவா பேசும்மா. அந்த டாக்டர் எந்த நேரத்துல இருப்பாங்க?”

அமில அளவு இறங்கி, மேலக்கா மறுபடி ஏறத் தகுதி என்று டாக்டர் எழுதிக்கொடுத்தபோது, கையெழுத்துப் போட்டவர் விசில்தான். அதற்கு முந்தின நாள், கிரேனின் கம்பத்துக்கும் கட்டடத்துக்கும் நடைபாலம் போட்டிருக்கும் மாடியில், கதவோடு ஒரு தனிக் கழிப்பறைக் கூண்டு வைக்கப்பட்டது. யோசனை தன்னுடையது என்று மூன்று பேர் சொல்லிக்கொண்டார்கள். மாற்று ஆபரேட்டர் அதைத் தூக்கியபோது, தரையிலிருந்து வழி சொன்னவர் மேலக்கா.

மேஸ்திரியின் கை தப்பிய அந்த நாளைப் பற்றிய கம்பெனியின் அறிக்கை அதற்கெல்லாம் முன்பே மேலிடத்துக்குப் போயிருந்தது. கழிப்பறை இல்லாத கிரேன் என்று எழுதினால் வேறு கேள்விகள் வரும். எனவே, “திடீரென வீசிய பலத்த காற்றின் காரணமாகப் பணி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஆபரேட்டர் வழக்கமான நடைமுறையைப் பின்பற்றினார்” என்று எழுதியிருந்தார்கள்.

அன்று காற்று வீசவில்லை. மேலக்கா மிதிமேல் பாட்டிலை வைத்தார். பெட்டி நிற்காதபோது, துணி பட்டாலே துடிக்கும் விரலால் அதை உதைத்துத் தள்ளி, மேஸ்திரியின் கைக்கு மேலே பெட்டியை நிறுத்தினார். பிறகு இடது காலால் அதைத் தரையில் இறக்கினார். அதற்கு முன்னால், தான் செய்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.